கட்டளை போனது சரி, காரியம் நடந்ததா? மின்நிலையங்களில் பழுதையும் மனிதத் தவறையும் கட்டுக்குள் வைக்க ஒரு முழு வழிகாட்டி

விபத்து விசாரணை அறிக்கையில் "ஊழியரின் கவனக்குறைவே காரணம்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், ஒருவருக்கு மெமோ, இன்னொருவருக்கு இடமாற்றம், கோப்பு மூடப்பட்டுவிடும். அந்தக் கவனக்குறைவு நடக்க வழிவிட்ட பேனலும் பழக்கமும் பூட்டும் சாவியும் அப்படியே இருக்கும், அடுத்த ஆள் வந்து அதே இடத்தில் நிற்பார். "கவனமா இருப்பா" என்று சொல்வதைக் கட்டுப்பாட்டு முறை என்று யாரும் எண்ண வேண்டாம். இரவு ஷிப்டில் மூன்று ஃபோன் ஒரே நேரத்தில் அடிக்கும்போது யாருக்கு வேண்டுமானாலும் கை தவறும். தவறு நடக்கத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு, அது ஆளையோ கருவியையோ எட்டும் முன் எங்கே தெரியவரும், எது அதை நிறுத்தும் என்று ஏற்பாடு செய்வதுதான் நம் வேலை.

இந்த வழிகாட்டி துணை மின்நிலையத்தில் வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. சர்க்கரை ஆலையின் இணை மின் உற்பத்தி, சோலார் பூங்கா, அனல் நிலையம் என்று மற்ற இடங்களில் இருப்பவர்களும் பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், கருவியின் பெயர்தான் மாறும்.

படி 1: ஒவ்வொரு விளக்கும் எதைப் பார்த்து எரிகிறது என்று எழுதுங்கள்

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில் ஊட்டுநீர் பம்புகள் நின்றன, டர்பைன் ட்ரிப் ஆனது (தானாக நின்றது), அழுத்தம் ஏறியதால் அதைத் தணிக்கும் வால்வு ஒன்று தானாகத் திறந்தது. அதுவரை எல்லாம் திட்டப்படிதான். அழுத்தம் இறங்கியதும் மூடியிருக்க வேண்டிய அந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் பேனலில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. ஏனென்றால் அந்த விளக்கு வால்வைப் பார்க்கவே இல்லை, "மூடு" என்று சோலினாய்டுக்குக் (வால்வை இயக்கும் மின்காந்தத்துக்குக்) கட்டளை போனதா என்று மட்டும்தான் பார்த்தது. விளக்கை நம்பிய ஆபரேட்டர்கள் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள், இன்னொரு மீட்டரில் நீர்மட்டம் கூடுதலாகத் தெரிந்ததால் அவசரக் குளிர்நீரையும் குறைத்தார்கள். அந்த வழியை அடைக்க 2 மணி 20 நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் உலை சீரடையப் பல மணி நேரம் பிடித்தது, உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

இதே விளக்கு உங்கள் யார்டிலும் (நிலையத்தின் திறந்தவெளிக் கருவித்தளத்திலும்) இருக்கிறது. வேறு உருவத்தில் இருக்கும், அவ்வளவுதான். ஐசோலேட்டர் (லைனைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரிக்கும் பிளேடு சுவிட்ச்) திறந்திருப்பதாகத் திரையில் காட்டுகிறதே, அந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இயக்கும் பெட்டிக்குள் இருக்கும் துணைத் தொடர்பு எனும் சிறு சுவிட்ச்சிலிருந்து. அந்தப் பெட்டிக்கும் மேலே இருக்கும் பிளேடுக்கும் நடுவில் நீளமான குழாயும் கிளாம்பும் இருக்கின்றன. கிளாம்பு வழுக்கினால் கீழே "ஓப்பன்", மேலே பிளேடு பாதியில் நிற்கும். வோல்ட்மீட்டர் பூஜ்யம் காட்டினால் லைனில் மின்சாரம் இல்லை என்று பொருளா, பி.டி.யின் (வோல்டேஜைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மரின்) ஃப்யூஸ் போய்விட்டது என்று பொருளா? பாய்லர் டிரம் நீர்மட்டத்துக்கு மூன்று டிரான்ஸ்மிட்டர் வைத்து, மூன்றில் இரண்டு ஒத்துப்போனால்தான் ட்ரிப் என்று அமைத்திருப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்றும் ஒரே குழாயிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், அந்தக் குழாய் அடைத்தால் மூன்றும் சேர்ந்தே பொய் சொல்லும்.

ஆகவே நிலையத்தின் இணைப்புகளைக் காட்டும் ஒற்றைக்கோட்டு வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு யார்டைச் சுற்றி நடங்கள். ஒவ்வொரு கருவிக்கும் மூன்று பத்தி எழுதுங்கள்: கட்டளை எங்கிருந்து போகிறது, நிலையை எது காட்டுகிறது, அது பொய்யானால் வேறு எதைப் பார்த்து உறுதி செய்வது. மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் இடங்களைச் சிவப்பால் குறியுங்கள். இனி வரும் எல்லாப் படிகளும் அந்தச் சிவப்புக் குறிகளைக் குறைக்கும் வேலைதான்.

படி 2: தவறுகளை ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்

கை தவறுவது ஒன்று, மறந்துபோவது ஒன்று, நிலைமையைத் தப்பாகப் புரிந்துகொள்வது ஒன்று, தெரிந்தே விதியை மீறுவது ஒன்று. நான்குக்கும் மருந்து வேறு. கை தவறியவருக்கு வகுப்பு எடுத்துப் பயனில்லை, அவருக்கு வேலை முன்பே நன்றாகத் தெரியும். மறதிக்குச் சரிபார்ப்புப் பட்டியலும் தொங்கும் அட்டையும் வேண்டும். தப்பான புரிதலுக்குப் பயிற்சியும், சரியான தகவல் காட்டும் கருவியும் வேண்டும். விதி மீறலைப் பார்த்தால் முதலில் அந்த விதியை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள், பல நேரம் நடைமுறையில் செய்யவே முடியாத மாதிரி எழுதியிருப்பார்கள். ஒரே ஒரு எர்த் ராடு (லைனைப் பூமியோடு இணைக்கும் கருவி) இருக்கும் நிலையத்தில் "இரண்டு பக்கமும் எர்த் செய்க" என்று சுற்றறிக்கை அனுப்பினால் என்ன நடக்கும்?

கை தவறுவதற்கு ஒரு உதாரணம் பார்ப்போம். உள்ளே வரிசையாக நிற்கும் 11 கே.வி. பேனல்கள் எல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே கைப்பிடி. முன்பக்கம் ஃபீடர் (நிலையத்திலிருந்து ஊர்களுக்குப் போகும் லைன்) பெயர் அழகாக எழுதியிருக்கும். கேபிள் பெட்டியைத் திறக்க ஆள் பின்பக்கம் போக வேண்டும், அங்கே பெயரே இருக்காது. முன்னால் நின்று பார்க்கும்போது இடமிருந்து மூன்றாவதாக இருந்த பேனல், பின்னால் போனதும் வலமிருந்து மூன்றாவது. எட்டு போல்ட்டைக் கழற்றி மூடியை எடுக்கும்போது அது பக்கத்துப் பேனலாக, உயிரோடு இருக்கும் பேனலாக இருந்தால் அவ்வளவுதான். இதற்கு மருந்து பெயிண்டும் பிரஷும்: முன்னும் பின்னும் ஒரே பெயர், ஒரே எண். பின்பக்கப் பெயரைக் கழற்றக்கூடிய மூடியின் மேல் எழுதாமல் நிலையான சட்டத்தின் மேல் எழுதுங்கள். மூடிகள் இடம் மாறும், சட்டம் மாறாது.

பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. புதூர், புதுப்பட்டி, புதுநகர் என்று மூன்று ஃபீடர் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்றாவது ஒருநாள் ஃபோனில் மாறிப்போகும். பெயரோடு எண்ணையும் சேர்த்தே சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

படி 3: எல்.சி. முறையை இறுக்குங்கள்

உயிர்ப்பலி அதிகம் நடக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். லைன் கிளியர் என்கிற எல்.சி. ஒரு காகிதம் மட்டும் கிடையாது. "நீங்கள் திரும்பி வந்து கையெழுத்துப் போடும்வரை இந்த லைனுக்கு மின்சாரம் வராது" என்று ஒரு ஆளுக்கு இன்னொரு ஆள் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கை நினைவாற்றலை நம்பிக் கொடுக்கக் கூடாது, பூட்டை நம்பிக் கொடுக்க வேண்டும்.

நிலையத்தில் செய்ய வேண்டிய வரிசை: பிரேக்கரைத் திற (மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச், திறந்தால் ஓட்டம் நிற்கும்), மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் பூஜ்யமா பார், பிரேக்கர் உட்கார்ந்திருக்கும் டிராலியை வெளியே இழு அல்லது இருபக்க ஐசோலேட்டரையும் திற, பிளேடுகளைக் கண்ணால் பார், பூட்டுப் போடு, "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" அட்டையைத் தொங்கவிடு, எர்த் செய், அதன் பிறகே எல்.சி. எண் கொடு. பிரேக்கர் திறந்திருப்பதை மட்டும் வைத்து எல்.சி. கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது, அவசரத்தில் "பத்து நிமிஷ வேலைதான் சார்" என்பார்கள். பிரேக்கரின் உள்ளே தொடர்புகள் பிரிந்ததா என்று யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இல்லாமல் எல்.சி. கிடையாது என்பதில் எந்தச் சமரசமும் வேண்டாம், ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஃபோன் செய்தாலும் சரி.

களத்தில் கம்பத்தின் மேலே லைனைப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்ச்சைப் பாருங்கள். கீழே கைப்பிடியை இழுத்துப் பூட்டியாயிற்று, எல்லாம் ஒழுங்கு. மேலே நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பிளேடு விரிந்திருக்கும், மூன்றாவது துருப்பிடித்தோ, சூட்டில் ஒட்டிக்கொண்டோ, மூடியபடியே நிற்கும். கம்பத்தின் அடியிலிருந்து, வெயில் கண்ணில் படும் நேரத்தில், இலைகளுக்கு நடுவில் அது சட்டென்று தெரியாது. பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று, மூன்று பிளேடையும் விரலால் சுட்டி, வாய்விட்டு எண்ண வேண்டும். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஜப்பான் ரயில்வே ஊழியர்கள் சிக்னலைச் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்வது இதே காரணத்துக்காகத்தான், பார்த்துவிட்டதாக மனம் தானே முடிவு கட்டிக்கொள்வதை அது தடுக்கிறது.

அடுத்தது சோதனை. வோல்டேஜ் டிடெக்டரை முதலில் உயிருள்ள லைனில் காட்டுங்கள், கத்துகிறதா? பிறகு வேலை செய்யப்போகும் லைனில். பிறகு மறுபடி உயிருள்ள லைனில். பேட்டரி தீர்ந்த டிடெக்டர் எல்லா லைனையும் செத்த லைன் என்றுதான் சொல்லும். அப்புறம் எர்த் ராடு: முதலில் பூமிப் பக்கக் கிளாம்பு, அதன் பிறகே கம்பியில் மாட்டல். எடுக்கும்போது தலைகீழ். வேலை செய்யும் இடத்துக்கு இருபக்கமும் போட வேண்டும், ஏனென்றால் மின்சாரம் நிலையத்திலிருந்து மட்டும் வருவதில்லை. மின்தடை நேரத்தில் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் நேரடியாக வீட்டு லைனில் சொருகியிருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அது 11 கே.வி.யாக உயர்ந்து உங்கள் கம்பிக்கே வந்துவிடும். பக்கத்தில் இணையாக ஓடும் உயர் அழுத்த லைனின் தூண்டல் மின்சாரமும் உண்டு.

ஒரே ஃபீடரில் இரண்டு குழுக்கள் வேலை செய்யும்போதுதான் பெரிய ஆபத்து. ஒரு குழு வேலையை முடித்து எல்.சி.யைத் திருப்பும், ஆபரேட்டர் இன்னொன்று நிலுவையில் இருப்பதை மறந்து சார்ஜ் செய்துவிடுவார், அதாவது லைனுக்கு மின்சாரம் கொடுத்துவிடுவார். இதற்கு ஒரு சாவிப் பெட்டி போதும். ஐசோலேட்டர் பூட்டின் சாவியைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியில் ஒவ்வொரு குழுத் தலைவரும் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் உள்ளே இருக்கும் சாவி கைக்கு வரும். களத்தில் தொலைவில் இருப்பவர் நேரில் வந்து பூட்டுப் போட முடியாதென்றால், அவர் பெயரில் நிலையத்தில் ஒருவர் பூட்டுப் போட்டு, எல்.சி. எண்ணை அந்தப் பூட்டின் அட்டையில் எழுதுங்கள். இன்னொன்று, "அஞ்சு மணிக்கு நீங்களே சப்ளை போட்டுடுங்க, அதுக்குள்ள முடிச்சிடுவோம்" என்று நேரம் குறித்துப் பேசுவதை அடியோடு தடை செய்யுங்கள். கடிகாரத்துக்கு யார் கம்பத்தில் இருக்கிறார்கள் என்று தெரியாது.

எல்.சி. திருப்பும்போது ஆட்களை எண்ண வேண்டும், எர்த் ராடுகளை அவற்றில் எழுதிய எண்ணைச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். கழற்ற மறந்த எர்த் மேல் சார்ஜ் செய்தால் அது மூன்று ஃபேஸ் குறுக்குச்சுற்று.

காகிதத்தை எங்கே வைப்பது என்பதுகூட உயிர்ப் பிரச்சினையாகும். 1988 ஜூலை 6 இரவு, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஓடிக்கொண்டிருந்த பம்பு நின்றுவிட்டது. இரவு ஷிப்ட்டார் மாற்றுப் பம்பை ஓட்ட முடிவு செய்தார்கள். அந்தப் பம்பின் பராமரிப்பு அனுமதிச் சீட்டு அவர்களுக்குத் தெரிந்தது, வேலை தொடங்கவே இல்லை என்பதும் தெரிந்தது. ஆனால் அதே பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி அனுப்பியிருந்த வேலைக்கு வேறொரு சீட்டு, அது வேறு இடத்தில் இருந்தது. பம்பை ஓட்டியதும் வால்வு இருந்த இடத்தில் மாட்டியிருந்த மூடித்தகடு வழியாக வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். சீட்டுகளைக் கேட்டவர் பெயரில் அடுக்காதீர்கள், கருவியின் பெயரில் அடுக்குங்கள். ஒரு கருவி, ஒரு கொக்கி, அதில் அந்தக் கருவிக்கான எல்லாச் சீட்டும்.

படி 4: ரிலே முதல் பிரேக்கர் வரை சங்கிலியை முழுதாகச் சோதியுங்கள்

பழுது வந்தால் ரிலே (பழுதை அறியும் காப்புக் கருவி) உணரும், ட்ரிப் காயிலுக்கு (பிரேக்கரைத் திறக்கும் சுருளுக்கு) பேட்டரியிலிருந்து டி.சி. மின்சாரம் போகும், பிரேக்கர் திறக்கும். படமாக வரைந்தால் மூன்று அம்புக்குறி. இந்தச் சங்கிலியில் எல்லோரும் விழுந்து விழுந்து சோதிப்பது ரிலேயை, எல்லோரும் மறப்பது பேட்டரியை.

110 வோல்ட் பேட்டரி என்றால் 55 ஈய-அமில செல்கள் தொடரில். அதில் ஒரே ஒரு செல் உள்ளே அறுந்திருந்தாலும் மொத்தமும் போச்சு. ஆனால் பேனலில் வோல்டேஜ் சரியாகத்தான் காட்டும், ஏனென்றால் காட்டுவது சார்ஜரின் வோல்டேஜ். சார்ஜர் எங்கிருந்து ஓடுகிறது? அதே நிலையத்தின் துணை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. பெரிய பழுது வரும்போது நிலையத்தின் வோல்டேஜே சரிந்துவிடும், சார்ஜரும் சேர்ந்து சரியும், அதாவது டி.சி. எந்த நொடியில் தேவையோ அந்த நொடியில்தான் அது இல்லாமல் போகும். ரிலே உணர்ந்தும் பிரேக்கர் திறக்காது, பழுது பவர் டிரான்ஸ்ஃபார்மரைத் தின்றுகொண்டே இருக்கும். சார்ஜரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, பேட்டரி மட்டும் சுமையைத் தாங்குகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், முன்கூட்டியே மேலே தகவல் சொல்லிவிட்டு. செல்வாரியாக வோல்டேஜும் அடர்த்தியும் எழுதும் பதிவேடு பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. எல்லா செல்லுக்கும் எல்லா வாரமும் ஒரே எண் இருந்தால் யாரும் அளக்கவில்லை என்று பொருள்.

ட்ரிப் சுற்றைக் கண்காணிக்கும் ரிலே, பிரேக்கர் திறக்க மறுத்தால் அந்த பஸ்ஸில் (லைன்கள் எல்லாம் சேரும் பொதுக் கடத்தியில்) உள்ள மற்றவற்றைத் திறக்கும் காப்பு ரிலே, இரண்டும் இருக்க வேண்டும். ஆண்டுச் சோதனையில் ரிலேக்கு மட்டும் மின்னோட்டம் செலுத்தி "ஆபரேட் ஆயிற்று" என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள், அந்த ரிலேயாலேயே நிஜப் பிரேக்கர் திறக்கிறதா என்று பாருங்கள்.

ரிலேயில் வைக்கும் அமைப்பு எண்களும் அவ்வப்போது மறுபரிசீலனைக்கு வர வேண்டும். 2012 ஜூலை 30 விடியற்காலை வட இந்தியா இருண்டதற்குத் தொடக்கம், பினா-குவாலியர் 400 கே.வி. லைன் ட்ரிப் ஆனது. லைனில் பழுதே இல்லை, சுமை மிக அதிகமாகி வோல்டேஜும் குறைந்ததால், தூரம் அளக்கும் ரிலேயின் மூன்றாம் மண்டலம் (தொலைவில் உள்ள பழுதுகளுக்குக் காப்பாக வைத்த எல்லை) அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டது. மறுநாளும் அதே லைன், இந்த முறை 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி பாதிக்கப்பட்டது. ரிலே தனக்குச் சொன்னபடி சரியாகத்தான் நடந்தது, அதற்குச் சொல்லிவைத்த எண்தான் மாறிவிட்ட சுமைக்குப் பொருந்தவில்லை.

ட்ரிப் ஆன ஃபீடரை மறுபடி போடுவதைப் பற்றி: ரிலேயின் கொடி (எது இயங்கியது என்று காட்டும் குறி) எது விழுந்தது என்று பார்த்து எழுதிவிட்டு ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், நிற்கவில்லை என்றால் லைனைச் சுற்றிப் பார்க்காமல் மறுமுறை தொடாதீர்கள். "கம்பி அறுந்து கிடக்குதுங்க" என்று ஊர்க்காரர் ஃபோன் செய்தால் முதலில் ஃபீடரை நிறுத்துங்கள், விசாரணையெல்லாம் அப்புறம். ஃபீடர் ட்ரிப் ஆகவில்லையே, ஆம்பியரும் சாதாரணமாக இருக்கிறதே என்று வாதாட வேண்டாம். காய்ந்த மண்ணிலோ தார்ச் சாலையிலோ விழுந்த கம்பியில் பூமிக்குப் போகும் மின்னோட்டம் மிகக் குறைவு, ரிலேக்கு அது தெரியாமலே போகலாம்.

ஒரு பழுது எவ்வளவு தூரம் பரவலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். இலங்கையில் 2020 ஆகஸ்ட் 17 அன்று கெரவலப்பிட்டிய துணை மின்நிலையத்தில் பராமரிப்பின்போது நடந்த ஒரு தவறான இயக்கம் நாடு முழுவதையும் பல மணி நேரம் இருளில் தள்ளியது. 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு, மறுபடி நாடே இருண்டது. அந்த ஆள்மீதும் குரங்குமீதும் மட்டும் பழியைப் போட்டால், ஒரு நிலையத்தின் பழுது ஏன் அந்த நிலையத்தோடு நிற்கவில்லை என்ற கேள்வி அப்படியே தப்பித்துக்கொள்ளும்.

படி 5: தற்காலிகமாக நீக்கிய எதற்கும் காலாவதி நாள் வையுங்கள்

இன்டர்லாக்கைத் (தவறான வரிசையில் இயக்க விடாத ஏற்பாட்டைத்) தாண்ட ஒரு துண்டு வயர், மழையில் அடிக்கடி ட்ரிப் கொடுத்த புக்ஹோல்ட்ஸ் ரிலேயின் (டிரான்ஸ்ஃபார்மரின் உள்பழுதை உணரும் ரிலேயின்) இணைப்பைக் கழற்றியது, தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றிய பம்பு. எல்லாம் அன்றைக்கு நியாயமான காரணத்தோடு செய்ததுதான். பைப்பர் ஆல்ஃபாவில் தீயணைப்புப் பம்புகள் கைமுறையில் இருந்ததும் அப்படித்தான், கடலுக்குள் இறங்கும் முக்குளிப்பவர்களைப் பம்பு உறிஞ்சிவிடக் கூடாதே என்று. தீ வந்தபோது அவற்றைப் போய் ஓட்ட முடியவில்லை. த்ரீ மைல் ஐலண்டில் அவசர ஊட்டுநீர்ப் பாதையின் இரண்டு வால்வுகள் மூடிக் கிடந்தன, பேனலில் அதைக் காட்டும் விளக்கை ஒரு பராமரிப்பு அட்டை மறைத்திருந்தது, கண்டுபிடிக்க 8 நிமிடம் ஆனது.

ஆகவே ஒரு பதிவேடு: எதை நீக்கினோம், ஏன், யார் அனுமதி, அதற்குப் பதிலாக இப்போது எது காவல், எந்த நாளில் திரும்ப வரும். நாள் தாண்டினால் மறுபடி கையெழுத்து, அதுவும் முதலில் போட்டவரைவிட மேல்நிலை அதிகாரியின் கையெழுத்து. மேலே போகப் போகக் கேள்வி வரும், வேலை தானாக நடக்கும். துண்டு வயர்களுக்கு என்று கண்ணை உறுத்தும் ஒரு நிறத்தை ஒதுக்குங்கள், அந்த நிற வயர் பேனலில் வேறு எதற்கும் வரக் கூடாது.

படி 6: அலாரத்தைக் குறையுங்கள்

1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு நிலையத்தில் வெடிப்புக்கு முந்தைய கடைசி 10.7 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் வந்த அலாரங்கள் 275. படிக்கவே முடியாது, ஒப்புக்கொள்ளும் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான். சாதாரண நிலையில் ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பதுதான் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. உங்கள் நிலையத்தில் ஒரு வாரப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், ஒரு சில தொல்லை அலாரங்களே பெரும்பகுதியை நிரப்பியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது வந்தால் ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும்? பதில் "ஒன்றுமில்லை" என்றால் அது பதிவில் இருக்கட்டும், மணி அடிக்க வேண்டாம். ஹூட்டரின் வயரைக் கழற்றி வைத்திருக்கும் கட்டுப்பாட்டு அறையைப் பார்த்தால் ஆபரேட்டரைத் திட்டாதீர்கள், அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2003 ஆகஸ்ட் 14 மதியம் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனது. லைன்கள் மரத்தில் பட்டு ஒவ்வொன்றாக ட்ரிப் ஆகிக்கொண்டிருக்க, திரை அமைதியாக இருந்ததால் எல்லாம் நலம் என்று இருந்தார்கள். சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். அலாரம் அமைப்பே உயிரோடு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கும் ஒரு துடிப்பு வேண்டும். அது இல்லாத சிறிய நிலையத்தில், ஷிப்ட் தொடங்கும்போது சோதனைப் பட்டனை அழுத்தி ஹூட்டர் கத்துகிறதா, எல்லா விளக்கும் எரிகிறதா என்று பார்த்தாலே போதும்.

படி 7: பேச்சையும் ஷிப்ட் மாற்றத்தையும் ஒழுங்கு செய்யுங்கள்

"சார், போடலாமா?" என்று களத்திலிருந்து கேட்கிறார். காற்று, லாரி சத்தம், அரை சிக்னல். ஆபரேட்டர் காதில் விழுவது "சார், போடலாம்". இப்படி ஒரு எழுத்தில் உயிர் தொங்கக் கூடாது. சொன்னவர் சொல்ல, கேட்டவர் முழுதாகத் திருப்பிச் சொல்ல, முதலாமவர் "சரி" என்று உறுதி செய்ய வேண்டும்: பெயர், ஃபீடர், எண், செயல். "அதே லைன்", "அந்தப் பிரேக்கர்" எல்லாம் கூடாது. "போடாதே" என்று எதிர்மறையில் சொல்வதைவிட "ஓப்பனிலேயே வைத்திரு" என்று நிலையைச் சொல்வது பாதுகாப்பு, ஏனென்றால் கடைசி எழுத்து விழுங்கப்பட்டாலும் பொருள் தலைகீழாகாது.

ஷிப்ட் மாறும்போது பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போதாது. இருவரும் சேர்ந்து பேனல் முன் நடந்து, நிலுவை எல்.சி., பூட்டுகள், நீக்கி வைத்தவை ஆகியவற்றைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும். அடுத்த ஆள் வராததால் இரட்டை ஷிப்ட் பார்ப்பவர் கையில் சிக்கலான சுவிட்ச்சிங் வேலையைக் கொடுக்காதீர்கள், முடிந்தால் அந்த வேலையைத் தள்ளிவையுங்கள்.

படி 8: நடந்த பிறகு

முதல் வேலை, எதையும் ரீசெட் செய்யும் முன் ஃபோனில் படம் எடுப்பது: ரிலே கொடிகள், திரை, பிரேக்கர் எத்தனை முறை இயங்கியது என்று காட்டும் எண்ணி, கைப்பிடிகளின் நிலை. சப்ளை கொடுக்கும் அவசரத்தில் கொடிகளை ரீசெட் செய்துவிட்டு, பிறகு என்ன விழுந்தது என்று யோசிப்பது நம் ஊர் வழக்கம். எண்முறை ரிலேக்களின் பதிவுகளை இறக்கி வையுங்கள், அவற்றின் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று அமைதியான நாளிலேயே சரிபாருங்கள், இல்லாவிட்டால் எது முதலில் நடந்தது என்று கடைசிவரை தெரியாது.

ஆட்களிடம் கேட்கும்போது "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று தொடங்கினால் வக்கீல் எழுதிக் கொடுத்த மாதிரிதான் பதில் வரும். "அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்தது, திரையில் என்ன இருந்தது, யார் என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். அவர் இடத்தில் இன்னொரு நல்ல ஆபரேட்டரை வைத்தால் அவரும் இதையேதான் செய்திருப்பாரா? ஆமாம் என்றால் மெமோ கொடுத்துப் பயனில்லை. தெரிந்தே பூட்டை உடைத்தவர் கதை வேறு, அதை இதோடு கலக்க வேண்டாம்.

மயிரிழையில் தப்பியவற்றை எழுதச் சொல்லுங்கள், எழுதியவருக்குத் தொல்லை வராது என்று காட்டுங்கள். 1977 செப்டம்பரில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸி அணுமின் நிலையத்தில் அதே வகை வால்வு அதே மாதிரி சிக்கியது, அங்கும் ஆபரேட்டர்கள் குளிர்நீரைக் குறைத்தார்கள். உலை குறைந்த சக்தியில் ஓடியதாலும், வால்வு திறந்திருப்பதைச் சுமார் 20 நிமிடத்தில் கண்டுகொண்டதாலும் தப்பினார்கள். அந்தப் பாடம் 18 மாதத்தில் த்ரீ மைல் ஐலண்ட் ஆபரேட்டர்களின் கைக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் வட்டத்தில் ஒரு நிலையத்தில் ஏ.பி. சுவிட்ச் பிளேடு ஒட்டிக்கொண்டால், அதே ஆண்டில் வாங்கிய சுவிட்ச்சுகள் வேறு எந்தெந்தக் கம்பத்தில் இருக்கின்றன என்று அந்த வாரத்துக்குள் பட்டியல் போக வேண்டும்.

எதை அளப்பது

"விபத்தில்லா நாட்கள்" பலகையை வாசலில் மாட்டாதீர்கள், அது கூடக் கூட ஆட்கள் சின்ன விஷயங்களை மறைக்க ஆரம்பிப்பார்கள். பதிலாக இவற்றை எண்ணுங்கள்: பழுதின்போது திறக்க வேண்டிய பிரேக்கர் திறந்ததா, திறக்கத் தேவையில்லாதது திறந்ததா, திடீரென்று பார்த்த எல்.சி.களில் எத்தனையில் பூட்டும் எர்த்தும் சரியாக இருந்தன. நீக்கி வைத்தவற்றில் மிகப் பழையதற்கு எத்தனை நாள் வயது. மாதத்தில் எத்தனை பேர் தப்பித்த சம்பவத்தைத் தாங்களாக வந்து எழுதினார்கள். கடைசி எண் முதல் சில மாதங்களில் ஏறினால் பயப்பட வேண்டாம், மேலதிகாரி கூட்டத்தில் அதை வைத்து யாரையும் கேள்வி கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த மாதம் அது பூஜ்யம் ஆகிவிடும்.